அரிசியை நிறுத்தாமல் எடை குறையுமா? நாலு பேர் வீட்டுக் கணக்கு

நாலுபேர்வீடு | 9 ஜூன் 2025, காலை 6:40

பேலியோ, கீட்டோ என்று போகிறவர்களுக்கு மூணு மாசத்தில் பத்து கிலோ குறைகிறது. விட்ட ஆறு மாசத்தில் எட்டு கிலோ திரும்பி வந்துவிடுகிறது. எனக்கு வயது 44, உயரம் 158 செ.மீ., எடை 71 கிலோ. கணவர் 82 கிலோ. பையனுக்கு 11 வயது, மாமியாருக்கு 72. ஒரே அடுப்பு, ஒரே சமையல், ஆளுக்கொரு சாப்பாடு செய்ய முடியாது. அரிசியை அடியோடு நிறுத்தாமல் வீட்டுச் சாப்பாட்டிலேயே குறைக்க வழி உண்டா? டயட் சார்ட் தயவுசெய்து வேண்டாம், நாலைந்து ஏற்கெனவே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

உலைமூடி | 9 ஜூன், காலை 8:15

உண்டு. ஆனால் தட்டிலிருந்து ஆரம்பிக்காதீங்க, மளிகை லிஸ்ட்டிலிருந்து ஆரம்பிங்க. மாசம் எண்ணெய் எத்தனை லிட்டர், சர்க்கரை எத்தனை கிலோ, பால் எந்தக் கலர் பாக்கெட், மதியம் குக்கரில் எத்தனை கப் அரிசி? இந்த நாலையும் சொல்லுங்க.

நாலுபேர்வீடு | 9 ஜூன், இரவு 9:50

எண்ணெய் எல்லாம் சேர்த்து 5 லிட்டர். சர்க்கரை 4 கிலோ. பால் ஆரஞ்சு பாக்கெட், தினம் ஒன்றரை லிட்டர். மதியத்துக்கு ரைஸ் குக்கர் கப்பில் 3 கப். ராத்திரி டிபன்.

உலைமூடி | 10 ஜூன், காலை 5:55

ஒவ்வொன்றாகப் போடுவோம்.

எண்ணெய்: ஒரு லிட்டர் சுமார் 910 கிராம். 5 லிட்டர் என்றால் 4,550 கிராம். நாலு பேர், முப்பது நாள்: தலைக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், 340 கலோரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரிச் சாப்பாட்டுக்கு 27 கிராம்தான் போட்டிருக்கிறார்கள். மூணு லிட்டருக்கு இறங்கினால் 23 கிராம் ஆகிவிடும். மிச்சம் 135 கலோரி.

அரிசி: அந்தக் கப் 180 மில்லி, அதில் சுமார் 150 கிராம் பிடிக்கும். 3 கப் போட்டால் தலைக்கு 112 கிராம், 390 கலோரி. 2 கப் போட்டால் 260. மிச்சம் 130.

சர்க்கரை: 4 கிலோ என்பது தலைக்கு தினம் 33 கிராம். 2 கிலோவாக்கினால் மிச்சம் 65.

பால்: ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. 100 மில்லிக்கு 28 கலோரி வித்தியாசம். தலைக்கு 375 மில்லி வருவதால் மிச்சம் சுமார் 100.

எல்லாம் சேர்த்தால் 430. இதை வெறுமனே எடுத்துவிட்டால் பத்தாவது நாள் ராத்திரி மிக்சர் டப்பாவைத் திறப்பீங்க. எனவே 130-ஐத் திருப்பிப் போட வேண்டும்: தலைக்கு 25 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ சுண்டலாக, கூடவே 150 கிராம் காய். நிகரமாக 300 கலோரி குறையும். யாரும் பட்டினி கிடக்க வேண்டாம்.

நாடி | 10 ஜூன், மதியம் 1:20

உலைமூடி போட்ட கணக்கு சராசரிக் கணக்கு. 11 வயதுப் பையனும் 72 வயதுப் பாட்டியும் சராசரியைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுவார்கள். அப்படியானால் அந்த 38 கிராம் எண்ணெயில் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் 45 கிராம்கூடப் போய்க்கொண்டிருக்கலாம். வெட்டுவதில் பெரிய பங்கு உங்கள் இருவருக்கும்தான் கிடைக்கும், நல்லதுதான்.

உங்கள் பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது) 28.4. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். மேலைநாட்டு அட்டவணையில் 30 என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். எடைக்கு முன்னால் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை எக்காமல். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை.

ஒரு முக்கியமான விஷயம். வீட்டில் யாராவது சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்தால், மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்து அதே அளவில் இருந்து மாவுச்சத்து குறைந்தால் ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

நாலுபேர்வீடு | 10 ஜூன், இரவு 10:05

கணவருக்குச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும். நாளைக்கே டாக்டரிடம் கேட்டுவிடுகிறோம். 300 கலோரி குறைந்தால் மாசம் எவ்வளவு இறங்கும்?

உலைமூடி | 11 ஜூன், காலை 6:10

ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி. 300-ஐ முப்பதால் பெருக்கி வகுத்தால் மாசம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

நாடி | 11 ஜூன், காலை 11:30

முதல் இரண்டு மூன்று மாசத்துக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். அதையே நீட்டி வருஷத்துக்கு 14 கிலோ என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எடை குறையக் குறைய உடம்புக்குத் தேவைப்படுவதும் குறையும், பசியும் கூடும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழு 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் கொடுத்த கணக்கு உண்மைக்கு நெருக்கமானது: தினம் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ இறங்கும். அதில் பாதி முதல் வருஷத்தில், மீதியில் பெரும்பகுதி மூணு வருஷத்துக்குள். உங்கள் 300-க்கு முதல் வருஷம் ஆறு கிலோ, மொத்தம் பன்னிரண்டு.

ஆறு கிலோ என்றால் உங்கள் எடையில் 8 சதவீதம். அமெரிக்காவில் 2002-இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் இலக்கே 7 சதவீத எடையும் வாரம் 150 நிமிட நடையும்தான். அதற்கே சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. வருஷத்துக்கு ஆறு கிலோவைக் கொஞ்சம் என்று நினைக்காதீர்கள்.

கெண்டைக்கால் | 11 ஜூன், மாலை 7:45

சென்னையில் நடந்த ஆய்வையும் சொல்ல வேண்டும். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூணு வருஷம் பின்தொடர்ந்து 2006-இல் முடிவு வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடை, சாப்பாட்டு மாற்றம் என்று இருந்தவர்களில் 39 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. மெஷினில் முள் நகராத மாசத்திலும் உள்ளே வேலை நடக்கிறது.

உலைமூடி | 14 ஜூன், காலை 6:30

எண்ணெயைக் குறைக்கும்போது எங்கே வழுக்கும் என்று எழுதிவிடுகிறேன்.

5 லிட்டர் கேனிலிருந்து நேராக வாணலியில் ஊற்றுகிற வீட்டில் எந்தக் கணக்கும் நிற்காது. மாச ஆரம்பத்தில் 3 லிட்டரைத் தனியாக எடுத்து வைத்து, வாரத்துக்கு 700 மில்லி சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். நாலு வாரம் போக மிஞ்சும் 200 மில்லி, மாசக் கடைசி இரண்டு நாளுக்கு. வியாழக்கிழமை பாட்டில் காலியானால் மறுபடி நிரப்ப வேண்டாம், வெள்ளி சனி ஆவியில் வெந்ததும் குழம்பும் செய்யுங்கள். 5 மில்லி ஸ்பூன் ஒன்று அடுப்புப் பக்கத்திலேயே தொங்கட்டும். அரை கிலோ பீன்ஸ் பொரியல் தாளிக்க இரண்டு ஸ்பூன் போதும். காயை முதலில் ஆவியில் முக்கால் பதம் வேகவைத்து, தாளிப்பில் கடைசியாகப் புரட்ட வேண்டும். பச்சையாக எண்ணெயில் வதக்கினால் அடி பிடிக்கும், பிடிக்கிறதே என்று இன்னும் ஊற்றுவோம். கத்தரிக்காய் இதில் ரொம்ப மோசம், பஞ்சு மாதிரி உறிஞ்சும்.

சேப்பங்கிழங்கு வறுவலை விட மனசு வராதவர்களுக்கு: கால் கிலோ கிழங்கைத் தோலோடு இட்லித் தட்டில் பன்னிரண்டு நிமிஷம் வேகவையுங்கள். குக்கரில் போட்டால் குழைந்துவிடும், குழைந்தது எண்ணெய் குடிக்கும். தோலுரித்து ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகும். தட்டையாக அழுத்தி, மிளகாய்த்தூள், உப்பு, மஞ்சள், ஒரு ஸ்பூன் அரிசி மாவு, இரண்டு ஸ்பூன் எண்ணெய் போட்டுப் பிசறி, இரும்புக் கல்லில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, சிறுதீயில் பக்கத்துக்கு ஆறேழு நிமிஷம். மூடக் கூடாது, மூடினால் நீர் கோத்து மொறுமொறுப்பு போய்விடும். முழுக்க எண்ணெயில் பொரித்ததற்கு இது எந்த விதத்திலும் குறையாது.

நாலுபேர்வீடு | 14 ஜூன், மதியம் 2:15

செக்கு எண்ணெய் வாங்கினால் அளவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்கிறார்களே?

உலைமூடி | 14 ஜூன், மதியம் 2:40

செக்கில் ஆட்டினாலும் ஆலையில் எடுத்தாலும் கிராமுக்கு 9 கலோரி. வாசனைக்காக வாங்குங்கள். வாசனை நன்றாக இருப்பதால் ஒரு ஸ்பூனிலேயே திருப்தி வரும், அதுதான் அதன் நன்மை.

நாலுபேர்வீடு | 2 ஜூலை, காலை 7:00

அரிசிக்குப் பதில் சாமை, வரகு போட்டால் 3 கப்பே போடலாமா? கணவர் இரண்டு கப்பில் திணறுகிறார்.

நாடி | 2 ஜூலை, மதியம் 12:45

கூடாது. சிறுதானியமும் காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு அரிசிக்குக் கிட்டத்தட்ட அதே கலோரிதான். நார்ச்சத்து கூடுதல் என்பதால் மெதுவாகச் செரிக்கும், பசி தள்ளிப்போகும். அந்த லாபம் அளவைக் குறைத்தால்தான் எடையில் தெரியும். ராகியை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அந்த லாபத்திலும் பாதி போய்விடும், களியாகச் சாப்பிடுவது மேல்.

திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் புரதக் குறைவு. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். நாலு பேருக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு போட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்த சாம்பாரில் ஆளுக்கு நாலைந்து கிராம் புரதம் தேறும். எடை குறையும் காலத்தில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும். இல்லாவிட்டால் குறைவதில் கால் பங்கோ அதற்கு மேலோ தசையாகப் போய்விடும்.

சைவத்தில் ஒரு நாளைக்கு 60 கிராம் இப்படி வரும்: பருப்பு பயறு 60 கிராமில் 13, பாலும் தயிரும் 400 மில்லியில் 13, அரிசி கோதுமை 200 கிராமில் 16, வேர்க்கடலை 30 கிராமில் 7, மீல்மேக்கர் 20 கிராமில் 10. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றுக்கு 6. சாப்பிடுகிற வரிசையையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்: முதலில் பொரியலும் சுண்டலும், பாதி தட்டு முடிந்தபின் சோறு. இரண்டாம் முறை சோற்றுக்குக் கை நீளுவது தானாகக் குறையும்.

உலைமூடி | 3 ஜூலை, காலை 6:20

மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை பச்சைத் தண்ணீரில் கழுவி, நன்றாகப் பிழிந்தபின் குழம்பில் போடுங்கள். பிழியாமல் போட்டால் ஒரு பச்சை வாடை வரும், வீட்டில் மறுபடி தொட மாட்டார்கள்.

ராத்திரிக்கு வாரம் இரண்டு நாள் அடை போடலாம். வழக்கமாக அரிசி இரண்டு பங்கு, பருப்பு ஒரு பங்கு. அதைச் சரிபாதியாக்குங்கள்: ஒரு கப் இட்லி அரிசி, ஒரு கப் கலந்த பருப்பு (துவரை, கடலை, கொஞ்சம் உளுந்து). முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி. அடையை இரண்டோடு நிறுத்தலாம், தோசையை யாரும் இரண்டோடு நிறுத்தியதில்லை. இட்லியில் இந்த வேலை செய்யாதீங்க. நாலுக்கு ஒன்று என்கிற இட்லியில் உளுந்தை ரொம்பக் கூட்டினால் பிசுபிசுத்துத் தட்டையாகிவிடும்.

இட்லி தப்பே பண்ணவில்லை, நாலு இட்லி 220 கலோரிதான். பக்கத்தில் இருக்கிற தேங்காய்ச் சட்னியைப் பாருங்கள். நாலு பேருக்கு அரை மூடியில் நிறுத்தி, மீதிக்குப் பொட்டுக்கடலையும் கொத்தமல்லியும் சேருங்கள். பீர்க்கங்காய்த் தோல் துவையல் இன்னும் நல்லது.

கெண்டைக்கால் | 3 ஜூலை, மாலை 8:00

நடையைப் பற்றி யாரும் எழுதவில்லை. 70 கிலோ ஆள் அரை மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்தால் 120 கலோரி. ஒரு மெதுவடையில் அது திரும்பிவிடும். எடையைக் குறைப்பது பெரும்பாலும் அடுப்படியில்தான் நடக்கும். குறைந்த எடையைப் பிடித்து வைப்பதில்தான் நடையின் அருமை தெரியும். 1994-இல் அமெரிக்காவில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள், 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருஷமாவது காப்பாற்றியவர்களுக்காக. அதில் இருப்பவர்களின் பொதுப் பழக்கங்கள்: தினம் சுமார் ஒரு மணி நேரம் உடலசைவு, காலைச் சாப்பாட்டைத் தவறவிடாமை, வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பது.

ஒரேயடியாக ஒரு மணி நேரம் வேண்டாம். மூணு வேளை சாப்பாட்டுக்கும் பிறகு 10 முதல் 15 நிமிஷம். சாப்பாட்டுக்குப் பின் நடப்பது சர்க்கரை ஏறுவதையும் மட்டுப்படுத்தும்.

வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்து, மூணு சுற்று. சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து, மூணு சுற்று. 5 லிட்டர் தண்ணீர் கேன் சுமார் 5 கிலோ, கைக்கு ஒன்றாகத் தூக்கி வீட்டுக்குள் நடங்கள். முட்டி வலி இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எளிதாகிவிட்டால் தலையணையை எடுங்கள், பிறகு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அதே பத்திலேயே மாசக்கணக்கில் நிற்பதால்தான் பலருக்குப் பலன் நின்றுவிடுகிறது.

நாலுபேர்வீடு | 19 ஜூலை, காலை 6:15

69.2 வந்தது, ஏகாதசிக்கு மறுநாள் 70.4. ஒரே நாளில் ஒன்றேகால் கிலோவா?

நாடி | 19 ஜூலை, காலை 9:40

கொழுப்பு ஒரு நாளில் அவ்வளவு ஏறாது. அது தண்ணீர். உடம்பில் சேமிக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கும். ஒரு பொழுது இருந்துவிட்டு ராத்திரி பலகாரம், மறுநாள் காலை விரதம் முடிக்கும் பாரணைக்கு முழுச் சாப்பாடு என்றால் இந்த ஏற்றம் இயல்பு. உப்பு, மாதவிலக்குக்கு முந்தைய வாரம், புதிதாகத் தசைப்பயிற்சி தொடங்கிய வாரம் எல்லாமே ஏற்றிக் காட்டும். பேலியோவின் முதல் வாரத்து அதிசயமும் பெரும்பாலும் இதே தண்ணீர்தான், எதிர்த் திசையில்.

தினம் காலையில் கழிவறை போய்விட்டு வந்ததும், சாப்பிடும் முன், டைல்ஸ் தரையில் அதே இடத்தில் மெஷினை வைத்துப் பாருங்கள். பாயில் வைத்தால் தப்பாகக் காட்டும். ஏழு நாள் சராசரி போட்டு, ஞாயிறுக்கு ஞாயிறு அதை மட்டும் ஒப்பிடுங்கள். தினம் பார்த்தால் மனசு கெடுகிறது என்றால் வாரம் ஒரு முறை போதும், ஆனால் எப்போதும் அதே கிழமை.

உலைமூடி | 19 ஜூலை, மாலை 5:30

விரத நாளின் ராத்திரிப் பலகாரத்தைச் சொல்ல வேண்டும். சோறு இல்லை என்பதால் எட்டு தோசை உள்ளே போகும், மேலே ஜவ்வரிசி வடை. அன்றைக்கு ஐந்து மணிக்கே பச்சைப்பயறு சுண்டலும் மோரும் கொடுத்துவிட்டால் எட்டு நாலாகிவிடும்.

நாலுபேர்வீடு | 30 ஆகஸ்ட், இரவு 11:20

இரண்டு வாரமாகச் சராசரி அசையவில்லை, 68.1. தூக்கமும் சரியில்லை, பையனுக்குப் பரீட்சை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

நாடி | 31 ஆகஸ்ட், காலை 10:10

உண்டு. ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிற 80 பேரை வைத்து 2022-இல் ஒரு ஆய்வு வந்தது. தூக்கத்தை ஒன்றேகால் மணி நேரம் போல நீட்டியவர்கள், சாப்பாட்டைப் பற்றி எந்த அறிவுரையும் இல்லாமலே, தினம் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். நீங்கள் மளிகை லிஸ்ட்டில் கஷ்டப்பட்டு வெட்டிய அளவுக்குக் கிட்டத்தட்ட சமம். இப்போது சாப்பாட்டை மேலும் வெட்ட வேண்டாம். பதினொன்றரையைப் பத்தரையாக்கப் பாருங்கள். இரண்டு வாரம் நிற்பதெல்லாம் தேக்கம் ஆகாது, நாலு வாரம் பாருங்கள்.

அப்போதும் அசையவில்லை என்றால் எண்ணெய் பாட்டிலையும் சர்க்கரை டப்பாவையும் மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஊர்ந்து ஏறியிருக்கும். அதுவும் சரியாக இருந்தால் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வயதுப் பெண்களிடம் தைராய்டு குறைவு அபூர்வமல்ல.

நாலுபேர்வீடு | 12 அக்டோபர், காலை 7:30

67.3. தீபாவளி வருகிறது. பலகாரம் செய்யாமல் இருக்க முடியாது.

உலைமூடி | 12 அக்டோபர், காலை 8:00

செய்யாமல் இருக்கவே கூடாது! பண்டிகையைத் தாண்டி நிற்காத பழக்கம் நமக்கு எதற்கு? செய்யுங்கள், ஆனால் ஒரு வாரத்துக்கு முன்னால் செய்யாதீங்க. பத்து நாள் முன்பே முறுக்குச் சுட்டு டின்னில் அடைத்தால், தீபாவளிக்கு முன்னாலேயே பாதி டின் காலி, மறுபடி ஒரு ஈடு. இரண்டு நாள் முன்பு, ஒரு காரம் ஒரு இனிப்பு, அரை கிலோ மாவு. பொரித்து மிஞ்சிய எண்ணெயை மாச அளவோடு சேர்க்காமல் தனியாகக் கணக்கு வையுங்கள், அதை மறுபடி பொரிக்கப் பயன்படுத்தவும் வேண்டாம். வருகிற பலகாரத்தை அன்றே பங்கு போட்டுக் கொடுத்துவிடுங்கள். மிக்சர் 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் உண்டு. டின்னோடு டிவி முன்னால் உட்காராமல் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டின்னை மூடிவிட்டு வாருங்கள்.

கெண்டைக்கால் | 12 அக்டோபர், இரவு 9:15

அந்த வாரம் எடை பார்க்க வேண்டாம், நடையை மட்டும் விடாதீங்க. பத்து நாள் கழித்துப் பாருங்கள்.

நாலுபேர்வீடு | 2 நவம்பர், காலை 6:50

67.6. கணவர் 77.9, மருந்தை மாற்றவில்லை. ஆனால் மாமியாரும் இரண்டரை கிலோ குறைந்திருக்கிறார், 51 இருந்தவர் 48.5. அவருக்குக் குறைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

நாடி | 2 நவம்பர், காலை 8:20

இதை முதலில் கவனிக்க வேண்டும். 72 வயதில் ஐந்து மாசத்தில் 5 சதவீதம் குறைவது நல்லதல்ல. குறைவது தசையாக இருந்தால் விழுந்து எலும்பு முறியும் அபாயம் கூடும். வீட்டுச் சமையல் மாறியதுதான் காரணம் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். பல்லில் வலியா, சுண்டலை மெல்ல முடியாமல் ஒதுக்கிவிட்டாரா, பசி குறைந்ததா, மலச்சிக்கல் உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள். ரத்தப் பரிசோதனை என்னென்ன வேண்டும் என்று அவர் சொல்லுவார்.

உலைமூடி | 2 நவம்பர், காலை 9:05

அவருக்கு மட்டும் தட்டில் மாற்றினால் போதும், தனிச் சமையல் வேண்டாம். ஆரஞ்சு பாக்கெட் அரை லிட்டர் தனியாக வாங்குங்கள், அவருக்கும் பையனுக்கும். சோற்றில் பருப்பைக் குழைய மசித்து ஒரு ஸ்பூன் நெய். சுண்டலை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி வடகறி மாதிரி உதிர்த்துக் கொடுங்கள், மெல்லத் தேவையில்லை. பதினோரு மணிக்குப் பொட்டுக்கடலை மாவு இரண்டு ஸ்பூன், வெல்லம் கொஞ்சம், சூடான பாலில் கரைத்து ஒரு டம்ளர். முட்டை சாப்பிடுவார் என்றால் தினம் ஒன்று, அரைவேக்காடு இல்லாமல் முழுக்க வெந்தது.

கெண்டைக்கால் | 2 நவம்பர், காலை 10:30

நாற்காலியில் எழுந்து உட்காருவதை அவருக்கும் சொல்லிக் கொடுங்கள், டாக்டரைப் பார்த்த பிறகு. ஐந்து தடவை, காலையும் மாலையும். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும், வழுக்காமல். முதல் வாரம் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.